தங்கம் பஸ் ஏறிய வாரம்

குலசேகரமுத்து அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்ற செய்தி, கீழப்பாவூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது வந்தது. தென்காசியிலிருந்து அச்சாபீஸ் மீரான் பாய் சைக்கிளில் ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர் வகுப்பு வாசலிலேயே நின்று, "டீச்சர், கதைக்கார அண்ணாச்சி போயிட்டாக. காலைல எந்திரிச்சு காப்பி கேட்டிருக்காக. வீட்டம்மா கொண்டாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றார்.

நான் உடனே அழவில்லை. அப்பாடா என்றுதான் முதலில் மனசில் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய அப்பா வாதம் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். அந்தப் பயம் அண்ணாச்சிக்குக் கடைசிவரை இருந்தது. "கோமதி, எனக்கு மட்டும் இழுத்துக்கிட்டுக் கெடக்க வேண்டாம். ஒரு வரி எழுதி முடிச்ச மாதிரி முடிஞ்சுரணும்" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பாவூர்சத்திரம் தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது. வந்தது நிற்கவுமில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு மரக்கடையில் அவருக்குக் கணக்கெழுதும் உத்தியோகம். மலையிலிருந்து இறங்கும் தேக்கும் வேங்கையும் அங்கே வந்து குவியும். காலையில் லாரிகள் வருவதற்கு முன்னால், அறுத்துப் போட்ட பலகைகளின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கதை எழுதுவார். வேறெங்கும் அவருக்கு எழுத்து ஓடாது. ஒரு ரசிகர் குற்றாலத்தில் லாட்ஜ் அறை எடுத்துக் கொடுத்து, அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுங்கள் என்று உட்கார வைத்தார். மறுநாளே திரும்பி வந்துவிட்டார். "அங்கன ஒரே எரைச்சல். கதைக்குள்ள இருக்கவுக பேசுறது காதுல விழமாட்டேங்குது" என்றாராம்.

ஊருக்கே அவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படியே. ஐம்பதுகளில் மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் அவருடைய தொடர்கதைகள் வந்துகொண்டிருந்த காலம் அவருக்கு உச்சம். பத்திரிகைக் கட்டு ரயிலில் வந்து இறங்கும் நாளில் ஸ்டேஷனிலேயே கூட்டம் நிற்கும். ஆனால் அந்த உச்சத்தில் அண்ணாச்சியைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் கடைசி நிமிஷத்தில்தான் எழுதி முடிப்பார். மை காயாத காகிதங்களைச் சுருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மதராஸ் ரயிலின் தபால் பெட்டியைப் பிடிக்க சைக்கிளை மிதிப்பார். வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்க மாட்டார். எங்கள் தெருப் பெண்கள், "அந்தா தங்கம் போறா பாரு" என்று சிரிப்பார்கள். தங்கம் என்பது அப்போது வந்துகொண்டிருந்த 'மாடி வீட்டுத் தங்கம்' தொடரின் கதாநாயகி.

பத்திரிகைத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. கதையைப் படித்துவிட்டுப் படம் போடுவார்கள் என்றுதான் நாமெல்லாம் நினைத்திருக்கிறோம். அண்ணாச்சிக்கு அது தலைகீழ். படம் வரைந்து அதை அச்சடிக்க உலோகத்தில் பிளாக் செய்ய நாள் பிடிக்கும், இவரோ கடைசி நிமிஷத்து ஆசாமி. அதனால் ஓவியர் முதலிலேயே ஒரு படத்தைப் போட்டுவிடுவார். என்ன படம் என்று பத்திரிகாசிரியர் சொல்லியனுப்புவார். அந்தப் படத்துக்குப் பொருந்துகிற மாதிரி இவர் கதையை வளைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு வாரம் தங்கத்தின் கையில் கிளி உட்கார்ந்திருந்தது. அதுவரை கதையில் கிளியே கிடையாது. அண்ணாச்சி அந்த வாரம் அவசரமாக ஒரு கிளியை வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரம் பறக்க விட்டார்.

இந்த வேடிக்கைதான் என் தலையில் வந்து விடிந்தது.

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. பத்திரிகாசிரியரும் ஓவியரும் குற்றாலத்துக்கு வந்து தங்கியிருந்தார்கள். ஓவியருக்குக் குளித்துக் குளித்து அலுத்துப் போயிருக்க வேண்டும். மேல்பகுதி இடிந்து பிளந்து நிற்கிற எங்கள் ஊர்க் கோபுரத்தை வரைய ஒருநாள் தென்காசிக்கு வந்தார். எங்கள் வீடு கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி. கீழே அப்பாவின் பலசரக்குக் கடை, மேலே நாங்கள். நான் மாடி ஜன்னலில் தலையை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தேன். அட்டையும் பென்சிலுமாக ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். கோபுரத்தைத்தான் வரைகிறார் என்று நினைத்து அதோடு மறந்தும் போனேன்.

சில வாரங்களில் பத்திரிகை வந்தது. மாடி ஜன்னலில் தங்கம் தலை உலர்த்திக்கொண்டிருக்கிறாள். அந்த முகம் என் முகம். சின்ன வயசில் படியில் விழுந்து புருவத்தில் வாங்கிய தழும்பைக்கூட அந்தப் புண்ணியவான் விடவில்லை.

எங்கள் ஊர் ஜனங்கள் தொடர்கதையைக் கதை என்று படிப்பதில்லை, சேதி என்று படிப்பவர்கள். படத்தில் இருப்பது பலசரக்குக் கடைக்காரர் மகள் என்றால், கதையில் நடப்பதும் அவளுக்கு நடப்பதுதானே. தங்கம் கதையில் நாடகக் கம்பெனி ஆர்மோனியக்காரன் ஒருவனிடம் மனசைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்த ஒரு ஆச்சி என் அப்பாவிடமே, "அரப்படி துவரம்பருப்பு போடுங்க. ஆமா, நம்ம கோமதி அந்த ஆர்மோனியப் பொட்டிக்காரன நெசமாவே பாத்தாளா?" என்று கேட்டார். அப்பா பருப்பை மட்டும் அளந்து போட்டார். ஆர்மோனியப் பெட்டியை நான் கோயில் கச்சேரியில் தூரத்தில் பார்த்ததோடு சரி.

இதில் என்னைப் பயமுறுத்திய விஷயம் ஒன்று இருந்தது. எனக்கு அப்போது சங்கரன்கோயிலில் பருத்திக் கடை வைத்திருந்த ஒரு தூரத்துச் சொந்தத்தில் பேசி முடித்திருந்தார்கள். அப்பா வாக்குக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் கல்யாணம் வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். பாளையங்கோட்டையில் டிரெயினிங் படித்து டீச்சராக வேண்டும் என்று ஆசை, ஆசை என்ன, வெறி. அதை வீட்டில் வாய் திறந்து சொல்லவில்லை. கொடுத்த வாக்கை மாற்றுகிறவன் மனுஷனே இல்லை என்று அப்பா கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர். அவரிடம் போய் எப்படிச் சொல்ல?

அப்போது அந்த விளம்பரம் வந்தது. 'அடுத்த வாரம்: தங்கம் ஓடிப்போனாளா?' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தங்கம் ஓடினால் ஊர்க் கணக்கில் நான் ஓடியவள். கல்யாணமும் நிற்கும், படிப்பும் இருக்காது, அப்பா தெருவில் தலை காட்ட முடியாது. தங்கத்துக்குச் சமர்த்தாகக் கல்யாணம் ஆனாலோ எனக்கும் ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் நான் அவ்வளவுதான்.

அண்ணாச்சி விளம்பரத்தைப் பார்த்தவுடன் குற்றாலத்துக்கு ஓடினார். பத்திரிகாசிரியர் கோவணத்தோடு கல்லில் உட்கார்ந்து ஆள் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாராம். இதை அண்ணாச்சி பின்னால் நடித்தே காட்டுவார். "பிளாக் மெட்ராஸ்ல தயாரா இருக்கு ஸார். பொண்ணு, டிரங்குப் பெட்டி, பஸ்ஸு, பெட்டிக்குக் கை குடுக்கிற பட்டு ஜிப்பா வாலிபன். இனி என்ன மாத்தறது? அவ ஓடித்தான் ஆகணும்" என்றார் பத்திரிகாசிரியர். எண்ணெய் தேய்ப்பவர் அவர் தலையைப் பிடித்து அழுத்திக் குனிய வைத்ததால் பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் நடுப்பகலில் அப்பா கடையை அடைத்தார். நல்லது கெட்டதுக்குக்கூடப் பாதிப் பலகையைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறவர் அவர். குடையை எடுத்துக்கொண்டு மரக்கடைப் பக்கம் நடந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அம்மா உலகம்மன் சன்னதியில் போய் உட்கார்ந்துவிட்டார். கைகலப்பாகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அப்பா கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், கடையைத் திறந்தார். சண்டை போட்டு மிரட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

அடுத்த நாள் நான் போனேன். அண்ணாச்சியின் மனைவி செண்பகம் மதினியிடம் உப்பு நார்த்தங்காய் கொடுக்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். அண்ணாச்சி அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தத் தங்கத்த என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன்.

"நீ என்ன செய்யணும்னு நெனைக்கே?"

"எனக்குப் படிக்கணும். பாளையங்கோட்டைக்குப் போகணும்" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். "அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. நான் இங்கன வந்தது தெரிஞ்சா மனசு விட்டுப் போயிருவாக."

அண்ணாச்சி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு அதே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் நார்த்தங்காய்ச் சாடியை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். அடுப்படியிலிருந்து மதினி, "பிள்ள அழுவுது, நீங்க சிரிக்கியளே. ஒங்களுக்கே நல்லாருக்கா?" என்று சத்தம் போட்டார்.

"அழாத கோமதி. ஒங்க அப்பாவுக்கு எம் மூலமாத் தெரியாது. வீட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சமாதானம்.

அந்த வாரமும் கடைசி நிமிஷத்தில் ரயிலைப் பிடித்தார். பத்திரிகாசிரியர் குற்றாலத்தில் அருவியில் நிற்கிறார். மதராஸ் ஆபீஸில் இருந்தவர்கள் வந்த காகிதத்தை வந்தபடியே அச்சுக் கோத்தார்கள். விளம்பரத்தில் ஓடிய தங்கம், பத்திரிகையில் ஓடவில்லை. டிரங்குப் பெட்டியோடு டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் சேர பஸ் ஏறினாள். அவளுடைய அப்பாவே ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார். பட்டு ஜிப்பா வாலிபன்? அவன் கண்டக்டர். முந்தின நாள்தான் அவனுக்குக் கல்யாணம், லீவு கிடைக்காததால் மாப்பிள்ளைச் சட்டையோடு வேலைக்கு வந்துவிட்டான், பெண்ணின் பெட்டியை வாங்கி மேலே போடுகிறான். ஆர்மோனியக்காரன் அந்த வாரம் ஊரிலேயே இல்லை.

படித்துவிட்டு நான் சிரித்தேன், அழுதேன், மறுபடி படித்தேன். அதற்குள் கீழே கடையில் சத்தம் கேட்டது. வாழ்த்துச் சொல்ல ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "மொதலாளி, கோமதியப் படிக்க அனுப்புதியளாமே. யாருக்கு வரும் இந்த மனசு." "பொம்பளப் பிள்ள நாலு எழுத்துப் படிச்சா என்ன குறைஞ்சா போகும், நல்லாச் செய்தீக." அப்பாவுக்குத் துவரம்பருப்பு அளக்க நேரமில்லை. மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை, எல்லோருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சங்கரன்கோயிலுக்கும் பத்திரிகை போகும்தானே. அந்த வாரமே ஒரு பெரியவர் வந்து, டீச்சர் உத்தியோகம் பார்க்கிற பெண் எங்கள் வீட்டுக்குச் சரிப்படாது, மனஸ்தாபம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். அந்த மாப்பிள்ளை பிறகு நல்ல இடத்தில் கட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். அன்று சாயங்காலம் அப்பா மாடிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "பெட்டியக் கட்டு" என்றார். ஊர் வாயில் மாட்டிக்கொண்டதால் அனுப்புகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள் முள்ளாகக் கிடந்தது. சந்தோஷமாகப் படித்தேன், ஆனால் அப்பாவின் இஷ்டத்துக்கு மாறாக வாழ்கிறவள் என்கிற உறுத்தல் போகவேயில்லை.

அண்ணாச்சிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். பத்திரிகாசிரியர் ஈரத்தலையோடு குற்றாலத்திலிருந்து மரக்கடைக்கே வந்து, இனிமேல் உங்கள் பெயர் எங்கள் பத்திரிகையில் வராது என்று கத்திவிட்டுப் போனார். 'மாடி வீட்டுத் தங்கம்: முதல் பாகம் முற்றிற்று' என்று ஒரு வரி போட்டு முடித்தார்கள். இரண்டாம் பாகம் அங்கே வரவே இல்லை. என்னால் ஒரு பெரிய எழுத்தாளர் வாழ்வு போயிற்று என்று நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து புலம்பினேன்.

லீவில் வந்தபோது அவரைப் பார்த்தேன். மனிதர் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தார். "வாராவாரம் ரயிலுக்கு ஓடுற ஓட்டம் நின்னு போச்சு பாத்தியா. இப்பந்தான் சோறு செமிக்குது. கதையும் எங்கூடவே நடந்து வருது, நான் அது பின்னால ஓட வேண்டியதில்ல" என்றார். "எனக்காகத்தானே கதைய மாத்துனிய?" என்று கேட்டேன். "ஏட்டி, அந்தப் பய கூட ஓடுறதுக்குத் தங்கம் என்ன கேணச்சியா? ஓடணும்னது பத்திரிகைக்காரர் ஆசை. நான் எழுதுனது தங்கத்தோட ஆசை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பத்திரிகையிலும் தொடர் எழுதவில்லை. நாவலை முழுவதும் எழுதி முடித்து, ஆறப்போட்டு, பிறகு சன்னதி பஜாரில் கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த மீரான் பாயிடம் கொடுப்பார். ஆனி ஆடியில் மட்டும் அண்ணாச்சி புத்தகம் வெளியிடுவார். சாரலில் வெளியே போக முடியாமல் லாட்ஜில் அடைந்து கிடப்பவர்களைப்போல் வாசகர் வேறெங்கே கிடைப்பார்கள் என்பது அவர் கட்சி. எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டிருப்பவர்கள் கையில் அவருடைய புத்தகத்தை நானே பார்த்திருக்கிறேன். லாட்ஜிலிருந்து எண்ணெய்க் கறை படாத பிரதி திரும்பி வந்தால், "இத ஒருத்தரும் படிக்கல" என்று வருத்தப்படுவார்.

அட்டையில் முகம் போடக்கூடாது என்பது அவருடைய ஒரே கண்டிப்பு. பெண் முகம் போட்டால்தான் விற்கும் என்று மீரான் பாய் மன்றாடுவார். "பாய், எந்த முகத்தப் போட்டாலும் அது யாரோ ஒரு பிள்ளையோட முகம்" என்பார் அண்ணாச்சி. பாய் வெறும் எழுத்து அட்டையையே அடித்துக் கொடுப்பார். பல வருஷம் கழித்து அதே பத்திரிகையிலிருந்து புதிய ஆசிரியர் நேரில் வந்து தொடர்கதை கேட்டார். படம் இல்லாமல் போடுவீர்களா என்று கேட்டார் அண்ணாச்சி. அது எப்படி முடியும் என்று அவர் விழித்தார். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது, குளித்துவிட்டுப் போங்கள் என்று அன்பாக அனுப்பிவைத்தார். பிழை திருத்துகிற வேலையை விடுமுறைகளில் நான் செய்து கொடுத்தேன். என் திருத்தங்களில் பாதியை அவர் அழித்துவிடுவார். அதைப் பற்றி எங்களுக்குள் சண்டை இன்னும் முடியவில்லை.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. மரக்கடை ஆட்கள் வந்திருந்தார்கள், மீரான் பாய் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோவு இல்லாமப் போயிட்டாக கோமதி, அது போதும்" என்றார். என் அப்பாவுக்கு இப்போது நடக்க முடிவதில்லை, மாடியை விட்டு இறங்குவதுமில்லை. அவர் ஜட்கா வைத்து வந்து இறங்கினார். இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, அண்ணாச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் தலையைக் கையால் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பிள்ளையைத் தடவுவது போலத் தடவினார். கண்ணீர் அவர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. என் அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டில் கூட்டம் குறைந்தது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"இனிமே சொல்லலாம்ளா. நாந்தான் அவர்ட்ட போயி அப்படி எழுதச் சொன்னேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எப்படி எழுதப்பா?"

"நீ படிக்கப் போறதா. குடுத்த வாக்க நா மீற முடியாது, அவுகளா வேண்டாம்னு சொல்லணும். ஒம் பேரும் கெடக்கூடாது. படத்த மாத்த முடியாது, பெட்டியோட அவ பஸ் ஏறியே ஆகணும்னு கையப் பெசஞ்சாரு. ஏறட்டும் தம்பி, பாளையங்கோட்டைக்கு ஏறுனதா எழுதுங்கன்னு அவரு கையப் பிடிச்சேன்."

"நான் படிக்க ஆசைப்பட்டது ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ரிசல்ட் வந்த அன்னைக்கு ஒம் மொகத்தப் பாத்தேன்லா."

"பெறவு ஏம்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"வாக்க மீறுன அப்பன்னு நீ நெனச்சிரக்கூடாதுல்லா. கோமதிக்குத் தெரியக்கூடாதுன்னு அவர்ட்ட கேட்டுக்கிட்டேன். பாத்தியா, மனுஷன் கடைசி வரைக்கும் சொல்லல."

நானும் அவரிடம் அதையேதான் கேட்டுக்கொண்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அப்பாவும் மகளுமாக இருந்துகொண்டு, ஆளுக்கொரு பக்கம் குற்றவாளி மாதிரி நடமாடியிருக்கிறோம். சாவு வீடு என்பதையும் மறந்து இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மதினி எட்டிப் பார்த்தார், திட்டவில்லை. அவருக்கும் ரொம்ப நாளாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பாவை ஜட்காவில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் என் கை அவர் கைக்குள் இருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. மனசில் எடையே இல்லை.

அண்ணாச்சி, எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள். இனி நீங்கள் யாருக்காகவும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டுவிட்டோம். நிம்மதியாகப் போங்கள்.